ஸ்லர்பி, ஐசி, ஸ்லஷ் பப்பி: கடைகளில் விற்கப்படும் உறைபானங்கள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, மலேசியா, சிங்கப்பூர் ஆகிய நாடுகளில் சிறு கடைகளிலும் பெட்ரோல் நிலையங்களோடு சேர்ந்த கடைகளிலும் சிவப்பும் நீலமுமாகச் சுழன்றுகொண்டிருக்கும் உறைபானத்தைக் காணாமல் கடந்து செல்ல முடியாது. அந்த நாடுகளில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் இதைக் கேட்டு அடம்பிடிப்பதும், அதில் என்ன இருக்கிறது என்று பெற்றோர் தயங்குவதும் வழக்கம். இந்தப் பக்கம் அந்தப் பெற்றோருக்காகவும், இயந்திரத்துக்குள் என்ன நடக்கிறது என்று அறிய விரும்புவோருக்காகவும் எழுதப்பட்டது. படிக்கும்போது ஒன்றை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது: இந்தப் பானத்தில் சர்க்கரை இனிப்புக்காக மட்டும் சேர்க்கப்படுவதில்லை. பானம் கட்டியாக உறைந்துவிடாமல் காப்பதும் அதுவே. இதன் சுவை, விலை, உடல்நலச் சிக்கல் என எதைப் பேசினாலும் பேச்சு கடைசியில் அங்கேதான் வந்து நிற்கும்.

ஸ்லஷ் என்பது துல்லியமாக எது?

இனிப்பும் மணமும் நிறமும் சேர்த்த நீரை ஓயாமல் கிளறிக்கொண்டே குளிரவைத்து, அதன் ஒரு பகுதி மட்டும் மிக நுண்ணிய பனித்துகள்களாக மாறி, மறுபகுதி திரவமாகவே நிற்கும் நிலையில் பிடித்து வைத்த பானமே ஸ்லஷ். பனிக்கட்டியைச் சீவி அதன்மேல் சர்பத் ஊற்றும் பண்டம் இதிலிருந்து வேறு. அங்கே வெறும் நீர் முதலில் உறைகிறது, இனிப்பு பிறகு வருகிறது. ஸ்லஷ்ஷில் இனிப்புக் கரைசலுக்குள்ளேயே பனி பிறக்கிறது. பால் கொழுப்பு இல்லாததால் ஐஸ்கிரீமிலிருந்தும் இது விலகி நிற்கிறது.

ஸ்லர்பி, ஐசி, ஸ்லஷ் பப்பி மூன்றும் ஒன்றா?

முதல் இரண்டும் ஏறத்தாழ ஒன்றே, மூன்றாவது வேறு வகை. ஸ்லர்பி, ஐசி இரண்டிலும் கார்பன் டை ஆக்சைடு வாயு அழுத்தத்தோடு சேர்க்கப்படுகிறது. அதனால் அவை நுரைத்து, மெத்தென்று, சோடாவின் சுரீர் உணர்வோடு இருக்கும். ஸ்லர்பி என்பது செவன் இலெவன் கடைகளுக்கு உரிய பெயர். ஐசி திரையரங்குகளிலும் பல்பொருள் கடைகளிலும் கிடைக்கிறது. சர்க்கிள் கே கடைகளில் விற்கும் ஃப்ராஸ்டரும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

ஸ்லஷ் பப்பியில் வாயு கிடையாது. அமெரிக்காவின் சின்சினாட்டி நகரைச் சேர்ந்த வில் ராட்கிளிஃப் 1970-இல் தொடங்கிய வணிகம் அது. நிறமற்ற இனிப்புப் பனியைக் கோப்பையில் பிடித்து, வேண்டிய சுவையுள்ள பாகைப் பக்கத்தில் இருக்கும் புட்டியிலிருந்து அழுத்தி விட்டுக்கொள்வது அதன் பழைய முறை. பிரிட்டனில் ‘ஸ்லஷி’ என்று பொதுவாகச் சொல்லப்படுவதும் பெரும்பாலும் இந்த வாயுவற்ற வகையே. கண்ணாடிப் பெட்டிபோன்ற தொட்டிக்குள் திருகுபோன்ற துடுப்பு சுழல்வதைக் கண்டால் அது வாயுவற்ற வகை என்றும், உலோக முகப்பும் கைப்பிடியும் மட்டும் தெரிந்தால் அது பெரும்பாலும் வாயு சேர்த்த வகை என்றும் கொள்ளலாம். உடல்நலம் பற்றிப் பின்னால் வரும் பதில்களில் இந்த வேறுபாடு உதவும்.

இதைக் கண்டுபிடித்தவர் யார்?

அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் காஃபிவில் என்னும் சிற்றூரில் டெய்ரி குயின் கடை நடத்திவந்த ஓமர் நெட்லிக். 1950-களின் பிற்பகுதியில் அவருடைய கடையின் சோடா இயந்திரம் பழுதாகிப்போனது. வேறு வழியின்றிப் புட்டிச் சோடாக்களை ஃப்ரீசரில் வைத்து விற்றார். சற்று அதிக நேரம் உள்ளே கிடந்த புட்டிகளைத் திறந்தபோது சோடா பாதி உறைந்து கூழாகியிருந்தது. வாடிக்கையாளர்கள் முகம் சுளிப்பதற்குப் பதிலாக அதையே மறுபடி கேட்டு வந்தார்கள்.

கதை பெரும்பாலும் இந்த இடத்தோடு முடித்துச் சொல்லப்படுகிறது. ஆனால் உறைந்த சோடாவைத் தற்செயலாகக் கண்டவர்கள் அவருக்கு முன்பும் பலர் இருந்திருப்பார்கள். நெட்லிக்கின் தனித்தன்மை, அந்தத் தற்செயலை நாள் முழுவதும் ஒரே பதத்தில் தரும் இயந்திரமாக்கியதில் இருக்கிறது. காரில் பொருத்தும் குளிரூட்டியின் பாகங்களைக் கொண்டு அவர் முதல் மாதிரியை உருவாக்கினார். கார் குளிரூட்டிகளைத் தயாரித்துவந்த டல்லஸ் நகரின் ஜான் இ. மிட்செல் நிறுவனத்தோடு சேர்ந்து அதை விற்பனைக்கு உரிய இயந்திரமாக வளர்த்தெடுத்தார். ‘ஐசி’ என்ற பெயரும் எழுத்துகளின்மேல் பனி வழியும் அடையாளச் சின்னமும் ஓவியர் ரூத் டெய்லர் தந்தவை.

ஐசி எப்படி ஸ்லர்பி ஆனது?

செவன் இலெவன் நிறுவனமே பனிக்கட்டியில் பிறந்த நிறுவனம்தான். 1927-இல் டல்லஸ் நகரில் சவுத்லேண்ட் ஐஸ் நிறுவனம் ஐஸ் கட்டி விற்ற கிடங்கில், வாங்க வருவோருக்கு வசதியாகப் பாலும் ரொட்டியும் முட்டையும் வைக்கத் தொடங்கியதே அதன் தொடக்கம். காலை 7 மணி முதல் இரவு 11 மணி வரை திறந்திருந்ததால் 1946-இல் இன்றைய பெயர் வந்தது. அந்த நிறுவனம் 1965-இல் ஐசி இயந்திரங்களை உரிமம் பெற்றுச் சில கடைகளில் வைத்துப் பார்த்தது. வேறு பெயரில் விற்க வேண்டும் என்பது உடன்பாட்டின் ஒரு பகுதி. நிறுவனத்தின் விளம்பரப் பிரிவில் இருந்த பாப் ஸ்டான்ஃபோர்ட், உறிஞ்சுகுழலில் இழுக்கும்போது எழும் ஓசையைக் கேட்டு ‘ஸ்லர்பி’ என்று பெயர் சூட்டினார். சில ஆண்டுகளுக்குள் அந்த நிறுவனத்தின் கடைகள் எங்கும் இயந்திரம் வந்துவிட்டது.

இயந்திரத்துக்குள் என்ன நடக்கிறது?

கடைக்குப் பானம் ஆயத்தமாக வருவதில்லை, அடர்பாகுதான் பைகளில் அடைத்து வருகிறது. இயந்திரம் அந்தப் பாகை வடிகட்டிய நீரோடு குறிப்பிட்ட விகிதத்தில் கலந்து, கார்பன் டை ஆக்சைடைச் சேர்த்து, அழுத்தம் குறையாமல் ஓர் எஃகு உருளைக்குள் செலுத்துகிறது. உருளையின் வெளிச்சுவரைச் சுற்றிக் குளிரூட்டும் வாயு ஓடுகிறது. உள்ளே உள்சுவரைத் தொட்டபடி சுரண்டுதகடுகள் இடைவிடாமல் சுழல்கின்றன. சுவரில் படியும் பனிப்படலத்தை அது தடிக்கும் முன்பே தகடு சுரண்டி நடுவில் தள்ளுகிறது, அடுத்த கணம் புதிய படலம் உருவாகிறது. பனித்துகள் நாக்கில் நறநறக்காமல் இருப்பதற்குக் காரணம் இதுதான். படிகங்கள் பெரிதாக வளர அவகாசமே கொடுக்கப்படுவதில்லை.

பானம் எந்தப் பதத்தில் இருக்கிறது என்பதை அறிய இயந்திரம் வெப்பநிலையை மட்டும் நம்புவதில்லை. தகட்டைச் சுழற்றும் மோட்டாருக்கு எவ்வளவு சுமை ஏறுகிறது என்பதைக் கவனிக்கும் இயந்திரங்கள் பல உள்ளன. கூழ் இறுகினால் மோட்டார் திணறும், உடனே குளிரூட்டல் நிற்கும். இளகினால் மறுபடி தொடங்கும். மாவு அரைக்கும்போது கிரைண்டரின் சத்தத்தை வைத்தே பதம் சொல்லிவிடும் பாட்டிமார்களின் முறை இதிலிருந்து அதிகம் வேறுபட்டதன்று.

கைப்பிடியை இழுத்ததும் அழுத்தம் விலகுகிறது. கரைந்திருந்த வாயு விரிந்து, கூழ் நுரையாகப் பொங்கிக் கோப்பைக்குள் வளையம் வளையமாக இறங்குகிறது. இந்தப் பொங்கலில் பானத்தின் கன அளவு ஏறத்தாழ இரு மடங்காகும். நுரை உடனே அடங்கிவிடாமல் இருக்க யுக்கா என்னும் பாலைத் தாவரத்தின் சாறும், சிலி நாட்டுக் குயில்லாயா மரப்பட்டையின் சாறும் சிறிதளவு சேர்க்கப்படுகின்றன. இரண்டும் தாவரப் பொருள்களே. கோப்பைக்குக் குமிழ் வடிவ மூடி கொடுப்பதும் மேலே எழும் நுரைக்கு இடம் விடத்தான்.

ஃப்ரீசரைவிட இயந்திரம் குளிர்ச்சியானதா? அப்படியானால் பானம் ஏன் பாறையாக உறைவதில்லை?

வீட்டு ஃப்ரீசர் சுமார் −18 டிகிரி செல்சியஸில் இருக்கும். ஸ்லர்பி கோப்பையில் விழும்போது −2 டிகிரி அளவில்தான் இருக்கும். தூய நீர் 0 டிகிரியில் உறையும், சர்க்கரை கரைந்த நீர் அதற்கும் கீழேதான் உறையத் தொடங்கும். 100 கிராம் கலவையில் 13 கிராம் சாதாரணச் சர்க்கரை இருந்தால் உறைநிலை ஏறத்தாழ −0.8 டிகிரிக்கு இறங்கும்.

சுவையான பகுதி இனிமேல்தான் வருகிறது. உறையும்போது நீர் மட்டுமே பனியாகிறது, சர்க்கரை வெளியே தள்ளப்படுகிறது. ஆகவே எஞ்சிய திரவம் முன்பைவிட இனிப்பாகிறது, இனிப்பானதால் அதன் உறைநிலை இன்னும் கீழே போகிறது, அதனால் அடுத்த சொட்டு நீர் உறைய இன்னும் கூடுதலான குளிர் தேவைப்படுகிறது. ஒவ்வொரு படியிலும் பானம் தன்னைத்தானே உறையாமல் தடுத்துக்கொள்கிறது. −2 டிகிரியை எட்டும்போது கலவையில் ஏறத்தாழ பாதி பனி, பாதி அடர்பாகு என்னும் நிலை வந்து அங்கேயே நின்றுவிடுகிறது.

சர்க்கரையைப் பாதியாகக் குறைத்தால் இந்தத் தடுப்பு தளர்ந்துவிடும். பனி உருளையின் சுவரோடு இறுகி, சுரண்டுதகட்டையே முறித்துவிடவும் கூடும். ‘இனிப்பைக் கொஞ்சம் குறைத்துக் கொடுங்கள்’ என்று கடைக்காரரிடம் கேட்டுப் பயனில்லை என்பதற்கு இதுவே காரணம். டீக்கடையில் செல்லுபடியாகும் வேண்டுகோள் இங்கே செல்லாது.

இயந்திரத்தில் விளக்கு எரிந்து, பானம் தண்ணீராக வருகிறதே?

அந்த உருளை அப்போது பனி நீக்கும் சுற்றில் இருக்கிறது. எவ்வளவு சுரண்டினாலும் சில மணி நேரத்தில் சிறு படிகங்கள் கரைந்து பெரிய படிகங்களோடு சேர்ந்துகொள்ளும், கூழ் நறநறப்பாகிவிடும். அதற்காக இயந்திரம் அவ்வப்போது உள்ளிருப்பதை முழுவதும் உருகவைத்து, பிறகு புதிதாக உறையவைக்கிறது. விளக்கு எரியும்போது பிடித்தால் தித்திப்பான, வாயு அரைகுறையாக உள்ள நீர்தான் கிடைக்கும். பக்கத்தில் உள்ள சுவையைத் தேர்வதோ சற்று நேரம் காத்திருப்பதோ நல்லது.

கோப்பையின் பாதியிலேயே நிறம் வெளுத்து, வெறும் பனி மிஞ்சுவது ஏன்?

உறிஞ்சுகுழல் கோப்பையின் அடியைத் தொட்டபடி நிற்கிறது. இழுக்கும்போது முதலில் வருவது திரவமான பாகு. சுவையும் நிறமும் இனிப்பும் அதற்குள்தான் இருக்கின்றன, பனித்துகளோ ஏறத்தாழ தூய நீர். கால் மணி நேரத்தில் மேலே நிறமற்ற பனிமேடு நின்றுவிடும், அடியில் குழல் ‘கொர்’ரென்று வெறுங்காற்றை இழுக்கும். கரண்டிபோல் முனை விரிந்த குழலைக் கடையில் கொடுப்பதன் நோக்கம், அவ்வப்போது கிளறி மேலிருப்பதையும் கீழிருப்பதையும் கலந்துகொள்வதுதான். பிள்ளைகள் அதைச் செய்வதில்லை. முதல் சில நிமிடங்களில் பாகு முழுவதையும் இழுத்துவிட்டு, பனியோடு கோப்பையைப் பெற்றோர் கையில் திணிப்பார்கள்.

ஒரு கோப்பையில் எவ்வளவு சர்க்கரை இருக்கும்?

வாயுவற்ற வகையில் கணக்கு எளிது. 100 கிராமுக்கு 13 கிராம் என்று கொண்டால் அரை லிட்டர் கோப்பையில் சுமார் 65 கிராம் சர்க்கரை இருக்கும். வாயு சேர்த்த வகையில் கோப்பையின் பெரும்பகுதி நுரை என்பதால் அதே கோப்பையில் ஏறத்தாழ அதில் பாதிதான் இருக்கும். கன அளவுக்குக் கன அளவு ஒப்பிட்டால் ஸ்லர்பியில் சாதாரண கோலாவைவிடச் சர்க்கரை குறைவு என்பது பலரையும் வியக்கவைக்கும் உண்மை. ஆனால் அமெரிக்கக் கடைகளில் கோப்பைகள் ஒரு லிட்டரை நெருங்கும் அளவுகளிலும் விற்கப்படுவதால் அந்த ஆறுதல் நெடுநேரம் நீடிப்பதில்லை.

நாளுக்கு 2000 கலோரி உண்ணும் வயது வந்தவர் சேர்க்கைச் சர்க்கரையை 50 கிராமுக்குள் நிறுத்த வேண்டும், 25 கிராமுக்குள் நிறுத்தினால் இன்னும் நல்லது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. குளிரில் நாக்கு இனிப்பைக் குறைவாகவே உணரும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். மிச்சமான ஸ்லஷ்ஷை அறை வெப்பத்தில் முழுவதும் உருகவிட்டு ஒரு வாய் குடித்துப் பாருங்கள், அதன் திகட்டல் எந்தப் புள்ளிவிவரத்தையும்விடத் தெளிவாகப் பேசும்.

சர்க்கரையே இல்லாத ஸ்லஷ் விற்கிறார்களே, அது எப்படி?

செயற்கை இனிப்பூட்டி நாக்கை ஏமாற்றும், தண்ணீரை ஏமாற்றாது. மிகச் சிறிய அளவிலேயே அவை தித்திப்பதால் கரைசலின் உறைநிலையை அவை ஏறத்தாழ தொடுவதே இல்லை. ஆகவே சர்க்கரையை எடுத்தால் அதன் இடத்தில், உறைதலைத் தடுக்கும் வேறொரு பொருளைக் கணிசமான அளவில் போட்டே ஆக வேண்டும். எரித்ரிட்டால் போன்றவற்றைச் சில நிறுவனங்கள் பயன்படுத்தியுள்ளன. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் பரவலாக வந்தது கிளிசரால். கிளிசரின் என்றும் சொல்வார்கள், பொருள் பட்டியலில் ஈ422 என்ற எண்ணிலும் குறிப்பார்கள்.

கிளிசரால் மூலக்கூறு சர்க்கரை மூலக்கூறைவிட மிகச் சிறியது. உறைநிலையைத் தாழ்த்துவது எடையைவிட மூலக்கூறுகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது என்பதால், 100 மில்லிலிட்டருக்கு 5 கிராம் கிளிசரால், 13 கிராம் சர்க்கரை செய்யும் வேலையை முழுவதுமாகச் செய்துவிடும். பிரிட்டனில் 2018 ஏப்ரலில் 100 மில்லிலிட்டருக்கு 5 கிராமோ அதற்கு மேலோ சர்க்கரை கொண்ட குளிர்பானங்களுக்கு வரி வந்தபிறகு, இந்த மாற்று இன்னும் கவர்ச்சியானது. பல் சொத்தையையும் பருமனையும் குறைக்க வந்த நல்ல நோக்கமுள்ள ஒரு வரி, ஸ்லஷ்ஷைப் பொறுத்தவரை வேறொரு சிக்கலுக்கு வழி திறந்துவிட்டது என்றே சொல்ல வேண்டும்.

சிறு குழந்தைகளுக்கு வாங்கிக் கொடுக்கலாமா?

கிளிசரால் சேர்த்த ஸ்லஷ்ஷைச் சிறு குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது. இதில் தயங்க ஒன்றுமில்லை.

பிரிட்டனின் உணவுத் தரநிலை முகமை 2023-இல், 4 வயதுக்கும் அதற்குக் குறைந்தோருக்கும் இதை விற்க வேண்டாம் என்று கடைகளுக்கு அறிவுறுத்தியது. 2025 மார்ச்சில், பிரிட்டனிலும் அயர்லாந்திலும் ஸ்லஷ் குடித்தபின் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட 2 முதல் 7 வயது வரையிலான 21 குழந்தைகளைப் பற்றிய ஆய்வு மருத்துவ இதழொன்றில் வெளியானது. பெரும்பாலான குழந்தைகள் குடித்த ஒரு மணி நேரத்துக்குள் நோயுற்றார்கள். இரத்தச் சர்க்கரை சரிந்து, சோர்ந்து, பலர் நினைவிழக்கும் நிலைக்குப் போனார்கள். நல்வாய்ப்பாக அனைவரும் விரைவில் தேறினார்கள். அந்த ஆய்வர்கள் 8 வயதுக்குக் குறைந்தோர் இதைத் தவிர்க்க வேண்டும் என்றார்கள். அதே ஆண்டு ஜூனில் முகமை தன் அறிவுரையை இறுக்கியது: 7 வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்குக் கிளிசரால் ஸ்லஷ் கூடாது, 7 முதல் 10 வயதுள்ளோருக்கு 350 மில்லிலிட்டர் கோப்பை ஒன்றுக்கு மேல் கூடாது, 10 வயதுக்கு உட்பட்டோருக்கு இலவசமாக நிரப்பித் தரும் சலுகையையும் கடைகள் தரக் கூடாது.

அளவைக் கணக்கிட்டுப் பார்த்தால் காரணம் விளங்கும். 100 மில்லிலிட்டருக்கு 5 கிராம் என்றால் 350 மில்லிலிட்டரில் 17 கிராமுக்கும் மேல் கிளிசரால் இருக்கிறது. 15 கிலோ எடையுள்ள குழந்தைக்கு அது ஒரு கிலோவுக்கு ஒரு கிராமைத் தாண்டுகிறது. கண்ணின் உள்ளழுத்தம் திடீரென ஏறும்போது அதைக் குறைக்க மருத்துவர்கள் கிளிசராலை வாய்வழியாகக் கொடுத்துவந்த அளவே கிலோவுக்கு 1 முதல் 1.5 கிராம்தான். மருந்தாகக் கொடுக்கும் அளவை ஒரு குழந்தை, வெறும் வயிற்றில், ஓடியாடிய களைப்பில், சில நிமிடங்களில் குடித்து முடிக்கிறது. பிறந்தநாள் விழாக்களும் உள்ளரங்க விளையாட்டுக் கூடங்களும் இதற்குத் தோதான இடங்களாக அமைந்துவிடுகின்றன. அங்கே பிள்ளைகளும் களைத்திருப்பார்கள், பெரியவர்களின் கவனமும் சிதறியிருக்கும்.

பாதி கோப்பை கொடுத்துச் சமாளிக்கலாம் என்று எண்ண வேண்டாம். கடையில் கேளுங்கள், இயந்திரத்தின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் பொருள் பட்டியலைப் பாருங்கள். ‘சர்க்கரை இல்லை’ என்ற பெரிய எழுத்து விளம்பரம் நற்செய்தியாக அன்றி எச்சரிக்கையாகவே படிக்கப்பட வேண்டும். குடித்தபின் குழந்தைக்குத் தலைவலியோ குமட்டலோ வழக்கத்துக்கு மாறான தூக்கக் கலக்கமோ கண்டால் தாமதிக்காமல் மருத்துவ உதவியை நாடி, ஸ்லஷ் குடித்ததை மறவாமல் சொல்லுங்கள்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் இதே கவலை வேண்டுமா?

அங்கே வழக்கமான சுவைகள் சோள இனிப்புப்பாகையோ சர்க்கரையையோ கொண்டு செய்யப்படுபவை என்பதால் கிளிசரால் கவலை குறைவு, சர்க்கரைக் கவலையே பெரிது. சர்க்கரையற்ற சுவைகள் வந்தால் மட்டும் பட்டியலைப் படித்துவிடுங்கள்.

வேகமாகக் குடித்தால் நெற்றி தெறிப்பது ஏன்?

மேலண்ணத்தில் கடுங்குளிர் பட்டதும் அங்குள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் சட்டென்று சுருங்கி, பிறகு விரிகின்றன. அந்தச் செய்தியை மூளைக்குக் கொண்டுசெல்லும் முப்பெரு நரம்பே நெற்றியின் உணர்வையும் கொண்டுசெல்கிறது. அதனால் அண்ணத்தில் தொடங்கிய வலி நெற்றியில் இருப்பதாக உணரப்படுகிறது. நாக்கை மடித்து மேலண்ணத்தில் அழுத்தினாலோ வெதுவெதுப்பான நீரை ஒரு வாய் குடித்தாலோ அடங்கும். ஒன்றும் செய்யாவிட்டாலும் சிறிது நேரத்தில் தானே போய்விடும், தீங்கு எதுவுமில்லை. இந்த வலிக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘பிரெய்ன் ஃப்ரீஸ்’ என்ற பெயரை 1990-களில் செவன் இலெவன் தன் வணிகச் சின்னமாகவே பதிவு செய்துகொண்டது. வாடிக்கையாளரின் வலியைக்கூட விளம்பரமாக்கிய வணிகச் சாமர்த்தியம் அது!

வெயிலில் இது உண்மையிலேயே உடலைக் குளிர்விக்குமா?

குளிர்விக்கும், வெறும் குளிர்ந்த நீரைவிட நன்றாகவே. 0 டிகிரியில் இருக்கும் ஒரு கிராம் நீர் உடல் வெப்பத்துக்கு வர ஏறத்தாழ 155 ஜூல் வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். அதே ஒரு கிராம் பனியாக இருந்தால், உருகுவதற்கு மட்டுமே முதலில் 334 ஜூலை எடுத்துக்கொள்ளும். இதனால்தான் வெப்பமான சூழலில் போட்டியிடும் நெடுந்தூர ஓட்டக்காரர்களும் மிதிவண்டி வீரர்களும் பந்தயத்துக்கு முன் பனிக்கூழை அருந்தி உடலின் உள்வெப்பத்தைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலிய அணியினர் ஸ்லஷ் இயந்திரங்களைக் கையோடு கொண்டுபோனார்கள். எனினும் இது பயிற்சியாளரின் மேற்பார்வையில், வியர்த்துத் தீர்க்கப்போகும் உடலுக்குச் செய்யப்படுவது. கடையிலிருந்து குளிரூட்டிய காருக்குப் போகிறவருக்கு இந்த நியாயம் பொருந்தாது.

உலகிலேயே அதிகம் ஸ்லர்பி குடிக்கும் இடம் வெப்பமான ஊராகத்தான் இருக்குமா?

இல்லை. கனடாவின் மானிடோபா மாநிலம், குறிப்பாக அதன் தலைநகரான வின்னிபெக், 1999 முதல் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ‘உலகின் ஸ்லர்பி தலைநகரம்’ என்னும் பட்டத்தைத் தக்கவைத்தது. குளிர்காலத்தில் −30 டிகிரிக்குப் போகக்கூடிய ஊர் அது. கடைக்கு வெளியே உள்ள காற்று கோப்பைக்குள் உள்ள பானத்தைவிடப் பல மடங்கு குளிராக இருக்கும்போதும் மக்கள் கையுறையோடு வாங்கிக் குடிக்கிறார்கள். கோடையில் அங்கே நல்ல வெப்பம் உண்டு என்பது ஒரு பகுதி விளக்கம். மீதிக்கு விளக்கம் தேடுவதைவிட, ஊருக்கு ஒரு பெருமை வாய்த்தபின் அதை விட்டுக்கொடுக்க யாருக்கும் மனம் வராது என்று கொள்வதே பொருத்தம்.

ஜூலை 11-இல் இலவசமாகத் தருவார்களாமே?

அமெரிக்க வழக்கில் மாதத்தை முன்னால் எழுதுவதால் அந்த நாள் 7/11 ஆகிறது. 2002 முதல் அந்நாளில் சிறு கோப்பை இலவசமாகத் தரும் வழக்கம் இருந்துவருகிறது. நாளை முன்னால் எழுதும் ஆஸ்திரேலியாவில் அது நவம்பர் 7-க்கு மாறிவிடுகிறது. இதைவிட வேடிக்கையானது, விரும்பிய பாத்திரத்தைக் கொண்டுவந்து நிரப்பிக்கொள்ளும் நாள். கடையில் வைத்திருக்கும் வட்டத் துளைக்குள் நுழையும் எதையும் கொண்டுவரலாம் என்ற விதியை நம்பி, வாளியும் பூச்சாடியும் தூக்கிவருவோர் உண்டு.

மதுக்கடைகளில் கிடைக்கும் உறைந்த மார்கரிட்டாவும் இதே இயந்திரத்தில் வந்ததா?

அதே சிந்தனையில் வந்தது. 1971-இல் டல்லஸ் நகரில் உணவகம் நடத்திய மரியானோ மார்ட்டினெஸ், மிக்சியில் ஒவ்வொன்றாக அடித்துக் கொடுத்துச் சலித்த தன் ஊழியர்களுக்கு மாற்று தேடியபோது, செவன் இலெவன் கடையில் ஸ்லர்பி இயந்திரத்தைக் கண்டார். பழைய சாஃப்ட் ஐஸ்கிரீம் இயந்திரம் ஒன்றை வாங்கி மாற்றியமைத்து மார்கரிட்டா செய்யத் தொடங்கினார். ஆல்கஹாலும் உறைநிலையைத் தாழ்த்தும் என்பதால், நீருக்கும் சர்க்கரைக்கும் மதுவுக்கும் உரிய விகிதத்தைக் கண்டுபிடிப்பதுதான் அவருடைய பெரிய வேலையாயிற்று. அந்த இயந்திரம் இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இந்தியாவில் ஸ்லர்பி உண்டா?

உண்டு. ரிலையன்ஸ் நிறுவனம் 2021 அக்டோபரில் மும்பை அந்தேரியில் நாட்டின் முதல் செவன் இலெவன் கடையைத் திறந்தபோதே ஸ்லர்பியும் உடன் வந்தது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அந்தக் கடைகள் 1980-களிலிருந்தே இயங்குவதால் அங்குள்ள தமிழர்களுக்கு இது புதிதன்று.

இயந்திரம் இல்லாமல் வீட்டில் செய்ய முடியுமா?

முடியும், இரண்டு வழிகள் உண்டு. முதலாவது நம்பகமானது. பழச்சாறும் நீரும் சேர்ந்த ஒரு லிட்டரில், பழத்தின் இனிப்பையும் கணக்கில் கொண்டு, மொத்தச் சர்க்கரை 130 முதல் 150 கிராம் வரை இருக்கும்படி கலக்குங்கள். கலவையை நன்கு குளிரவைத்து, தடித்த ஜிப் பையில் ஊற்றிக் காற்றை நீக்கி மூடுங்கள். அதைவிடப் பெரிய பையில் உடைத்த ஐஸ் கட்டியோடு தாராளமாகக் கல்லுப்பைப் போட்டு, சிறிய பையை அதற்குள் வைத்து, துண்டு ஒன்றைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் குலுக்குங்கள். உப்பு சேர்ந்த பனி 0 டிகிரிக்கு வெகு கீழே இறங்குவதால் உள்ளே இருப்பது விரைவில் கூழாகும். வெறுங்கையால் பிடித்தால் தோல் மரத்துப் புண்ணாகும், துண்டு அவசியம். உள்பையைத் திறக்குமுன் வெளியே ஒட்டிய உப்புநீரைக் கழுவிவிட வேண்டும், இல்லையென்றால் முதல் வாயே கரிக்கும்.

இரண்டாவது, நெட்லிக்கின் கடையில் நடந்ததையே திரும்பச் செய்வது. திறக்காத அரை லிட்டர் பிளாஸ்டிக் சோடா புட்டியை நன்றாகக் குலுக்கி, ஃப்ரீசரில் அசையாமல் படுக்கவைத்து மூன்று மணி நேரத்துக்குப் பிறகு பாருங்கள். உள்ளே இன்னும் திரவமாக இருந்தால் மெல்லத் திறந்து, கிண்ணத்தில் வைத்த ஒரு பனித்துண்டின்மேல் ஊற்றுங்கள். உறைநிலைக்குக் கீழே போயும் உறையாமல் நின்ற சோடா, அழுத்தம் விலகி வாயு வெளியேறியதும் பனித்துண்டைத் தொட்ட இடத்திலிருந்தே கூழாகிக்கொண்டு எழும். நேரம் ஒவ்வொரு ஃப்ரீசருக்கும் மாறும். பத்து நிமிடம் தவறினாலும் புட்டி முழுவதும் கட்டியாகிவிடும். சர்க்கரையற்ற சோடா இன்னும் சீக்கிரம் கட்டியாகும், காரணத்தை மேலே பார்த்தோம். கண்ணாடிப் புட்டியிலோ கேனிலோ இதை முயலவே வேண்டாம், விரியும் பனி அவற்றை வெடிக்கச் செய்துவிடும்.